பஃபலோ ரோட்டில் வீடு பார்க்க வந்தவர்கள்

...சீனர் மட்டும் வாங்க முடியாது, மற்ற யார் வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் வாங்க வருகிறவர்கள் எல்லாம் சீனர்களாகவே இருக்கிறார்களே, இதை யாரிடம் போய்ச் சொல்வது, ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டே இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், கம்பியில் இல்லாத அழுக்கையும் சேர்த்துத் துடைக்கிறேன். அரசாங்கம் கட்டிய ஓர் அடுக்குமாடி புளோக்கில் ஒவ்வோர் இனத்துக்கும் இவ்வளவுதான் என்று ஓர் அளவு இருக்கிறது, எங்கள் புளோக்கில் சீனர் அளவு நிரம்பிவிட்டது, அதனால் இந்தியரான அப்பா தன் வீட்டை ஒரு சீனருக்கு விற்க முடியாது. தப்பே சொல்ல முடியாத ஏற்பாடு, எல்லாரும் கலந்து வாழவேண்டும் என்று வைத்தது, பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பாராட்டுகூட வாங்கியிருக்கிறேன்... ஆனால் அன்று எனக்கு விற்க வீடு இல்லையே. ஆங் மோ கியோவில் அத்தை வீட்டுக்குப் பக்கத்தில் அப்பாவுக்குச் சின்ன வீடு கிடைத்துவிட்டது, சாவியும் வாங்கியாயிற்று, வாங்கிய ஆறு மாதத்துக்குள் இந்த வீட்டை விற்றாகவேண்டும், அதில் ஒரு மாதம்தான் பாக்கி. போன வாரம் ஒரு சீனக் கிழவரும் அவர் மனைவியும் வந்தார்கள், அந்த அம்மா இதே கம்பியைத் தடவிப் பார்த்து, கீழே தேக்கா மார்க்கெட்டை எட்டிப் பார்த்து, இங்கேதான் மீன் வாங்குவேன் என்று சிரித்தார், அப்புறம் அப்பாவே அவர்களிடம் விஷயத்தைச் சொல்லவேண்டியதாயிற்று. கிழவர் பரவாயில்லை பரவாயில்லை என்று அப்பாவைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். யாருமே கோபப்படாத இடத்தில் எனக்கு வருகிற கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

நான் படிக்கிற நாவல்களில் வீடு விற்கிறவர்கள் இப்படி இல்லை. எங்கோ ஒரு பழைய ஊர், பனி பெய்யும், ஓர் அகலமான படிக்கட்டு இருக்கும், வீட்டை வாங்குகிறவன் யாரென்று கடைசிவரை தெரியாது, விற்கிறவள் கையுறையைக் கழற்றாமலே கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலேறிவிடுவாள்... இங்கே என்ன இருக்கிறது, மூன்றாவது மாடிவரை ஏறிவருகிற பிரியாணி வாசனை, லிஃப்டில் யாரோ சிந்திய தே தாரிக் டீ, கீழே சின்னக் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெள்ளைக்காரர்களைக் கூட்டிப் போகிற வழிகாட்டி. இந்தியர்கள் வாழ்கிற இடம் இது என்று இப்போதும் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், தலையை நிமிர்த்தி எங்கள் தளத்தைப் பாரம்மா வழிகாட்டி, எங்களைத் தவிர ஓர் இந்தியர் பெயர் சொல். லிட்டில் இந்தியா என்பதே சுற்றுலாவுக்காக வந்த பெயர், அப்பா இன்றுவரை தேக்கா என்றுதான் சொல்வார், எருமைகளைக் கட்டிவைத்த இடம், அதனால்தான் ரோட்டுக்கும் எருமைப் பெயர், நான் பிறந்த ஆஸ்பத்திரிக்கும் எருமைக் கொட்டில் என்று மலாயில் பெயர். பள்ளியில் வரலாற்றுப் பாடத்தில் அந்தப் பழைய நகரப் படம் வரும், இங்கிலீஷ்காரன் கோடு போட்டுப் பிரித்தது, ஐரோப்பியர் இங்கே, சீனர் அங்கே, நம்மவர்களின் சூலியா கம்போங் இதோ, அரபுக்காரர், புகிஸ்காரர் என்று வரிசையாகக் கட்டங்கள். கிரேயானில் வண்ணம் தீட்டச் சொன்னார்கள், நான் நம் கட்டத்துக்குப் பழுப்பு அடித்தேன், பக்கத்து மேசையில் கியட் தன் கட்டத்துக்கு மஞ்சள் அடித்துவிட்டு கோட்டைத் தாண்டி என் கட்டத்திலும் கொஞ்சம் இழுத்துவிட்டான், வேண்டுமென்றே, நான் டீச்சரிடம் போய்ச் சொன்னேன்... அவன் பெயர் ஏன் இப்போது வருகிறது, நான் நினைக்கக் கூடாது என்றுதானே இவ்வளவு துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஃபோன். வீட்டு ஏஜெண்ட் சாதியா அக்கா. மூச்சு வாங்கப் பேசுகிறார். "ஜோவன்னா, நல்ல நியூஸ் லா. நான் கீழ கார்பார்க்ல இருக்கேன், கப்புள் வந்துட்டே இருக்காங்க. பொண்ணு இந்தியன், உங்க ஆளுங்கதான், கேத்தலிக். புருஷன் சைனீஸ். ரெண்டு பேர் வேற வேற இனம்னா எது வேணுமோ அதுல எடுத்துக்கலாம் தெரியுமா? பொண்ணு கோட்டால போட்டுருவோம். முடிஞ்சது!" முடிஞ்சது. நான் ஃபோனைக் கீழே வைக்காமலே நிற்கிறேன். அப்பா பூசைக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையை இன்னும் கழற்றவில்லை, யாரு, என்ன சொல்றாங்க என்று கேட்கிறார், சொல்கிறேன், சீனப் புருஷன் என்ற வார்த்தையை மட்டும் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன், அவர் முகத்தைப் பார்க்கிறேன்... ஒன்றுமில்லை. "அப்படியா! ஆண்டவருக்கு நன்றி" என்கிறார். கொய்யாப்பழம் நறுக்கப் போய்விட்டார். கத்தி பலகையில் தட்டுகிற சத்தம் கேட்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே சமையலறையில், இதே பலகைக்குப் பக்கத்தில் நின்று நான் கியட்டைப் பற்றிச் சொன்னபோது இந்தச் சத்தம் நின்றுபோனது. சீனப் பையனா என்று கேட்டார். உங்கம்மா இருந்திருந்தா என்ன சொல்லிருப்பா என்று கேட்டார். அவ்வளவுதான், டிவிக்குப் போய்ச் சத்தத்தைக் கூட்டிவைத்தார், நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன், ஒரு நாவலை எடுத்து விரித்தேன், அதில் வருகிறவளும் ஒருவனை விட்டுவிட்டு வாழ்நாள் முழுக்க ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், அது எவ்வளவு அழகாக இருந்தது என்றால் மறுநாளே ரோச்சோர் கால்வாய் ஓரம் கியட்டைப் பார்த்து நடக்காது என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவையாவது சண்டை போட்டுப் பார்த்தாயா என்று கேட்டான், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டான். நான் அவனுக்கு என்ன பதில் சொன்னேன்? நினைவில்லை, ஏதோ நாவலில் வருகிற மாதிரி ஒன்று. அப்புறம் கொஞ்ச நாள் அப்பா ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என் கதவருகே வந்து நிற்பார், ஏதோ சொல்ல வருகிறவர் மாதிரி, நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கமாட்டேன், ஃபேன் போட்டுக்கோ என்பார், போய்விடுவார். வேவு பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். போன வருடம் கியட் யாரோ ஒருத்தியோடு செங்காங்கில் வீடு எடுத்துவிட்டான், அவர்கள் இருவரும் ஒரே கட்டம், ஒரு கேள்வியும் கிடையாது.

வந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் பெயர் பெதானி, வட்ட முகம், என்னைவிடச் சின்னவள், கழுத்தில் மெல்லிய சிலுவை, புருஷன் ஜஸ்டின் வாசலிலேயே செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்து வைக்கிறான். "வாங்க வாங்க, செருப்பு உள்ள விட்டாலும் பரவால்ல" என்று அப்பா, இப்படி ஒரு குரல் இவரிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. யேசுநாதர் படத்தை இறக்கி வையுங்கள், பார்க்க வருகிறவர்களுக்குப் பொதுவாக இருக்கட்டும் என்று சாதியா அக்கா எத்தனையோ தடவை சொல்லியும், அவரை எங்க கொண்டுபோய் வைக்கிறது, ஸ்டோர்ரூம்லயா என்று இவர் மறுத்த படத்துக்கு நேராக பெதானி போய் நின்று சட்டென்று சிலுவை அடையாளம் போட்டுக்கொள்கிறாள், அப்பா நிமிர்ந்து சாதியா அக்காவைப் பார்க்கிறார், ஜெயித்த மாதிரி. "யூ ஈட் ஆல்ரெடி ஆ?" என்று ஜஸ்டினிடம். அவன் கொய்யாத் துண்டை எடுத்துக்கொண்டு, "நன்றி, அங்கிள்" என்கிறான், தமிழில். "கேட்டியா ஜோவன்னா, நன்றிங்கிறான்! மாமனார் சொல்லிக்குடுத்தாரா?" என்று அப்பா சிரிக்கிறார், அவன் முதுகைத் தட்டுகிறார், பஸ் ஓட்டிய காலத்துக் கதை ஆரம்பமாகிவிட்டது, செராங்கூன் ரோட்டில் தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் எப்படி நகராது என்பது. "இந்தக் காலத்துல சைனீஸ் என்ன, இந்தியன் என்ன, எல்லாம் ஒண்ணுதான் லா." சொன்னார். என் காது கேட்கச் சொன்னார். எல்லாம் ஒண்ணு. எனக்குக் கத்தவேண்டும் போல் இருக்கிறது, யாருக்கு ஒண்ணு, எப்போதிலிருந்து ஒண்ணு, சாவி வாங்கிய நாளிலிருந்தா... ஜஸ்டினின் முதுகைத் தட்டுகிற கை ஏன் இரண்டு வருடத்துக்கு முன்னால் ரிமோட்டைத் தேடியது?

"அக்கா, கிச்சன் பாக்கலாமா?" பெதானி என் பின்னால் வருகிறாள். கபினெட்டைத் திறக்கிறாள், மூடுகிறாள், குழாயைத் திறந்து பார்க்கிறாள், பிறகு குரலைத் தாழ்த்துகிறாள், "உண்மையா சொல்லுங்க அக்கா, ஏதாச்சும் பிரச்சினை இருக்கா? ஏஜெண்ட் சொல்லமாட்டாங்க." இதோ. என் கையில் வந்து விழுந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும், இந்த வீடு விற்காது, அப்பா அந்த ஒரு மாதத்தையும் கண்விழித்துக் கழிப்பார், எல்லாம் ஒண்ணுதான் என்று சொன்ன வாய் மூடிக்கொள்ளும். நான் குளியலறைக் கதவைத் திறக்கிறேன். மேலே காட்டுகிறேன். "மேல் வீட்டுத் தண்ணி கசியுது. வருஷா வருஷம் பெயிண்ட் அடிப்போம், திரும்ப வரும். ஞாயித்துக்கிழமைன்னா கீழ கூட்டம், படுத்தா தூக்கம் வராது. குப்பைக் குழாய்ல கரப்பான்." எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மூச்சு வாங்குகிறது, இவ்வளவு ஆசையாக நான் எதையும் சொன்னதில்லை. பெதானி கூரையில் இருக்கிற பழுப்புக் கறையை அண்ணாந்து பார்க்கிறாள். "அட, இவ்ளோதானா? எங்க அம்மா வீட்ல இதவிடப் பெருசா இருக்கு. மலேசியா மேப் மாதிரி." சிரிக்கிறாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. கெடுக்கக்கூட எனக்குத் தெரியவில்லை. அந்தக் கடுப்பில்தான், வேறெதற்கும் இல்லை, கேட்டுவிட்டேன், "உங்கப்பா எப்படி ஒத்துக்கிட்டாரு?"

அவள் கதவில் சாய்ந்துகொள்கிறாள், ஏற்கனவே பலருக்குச் சொல்லிப் பழகிய கதை போல, ஆனால் இன்னும் கொஞ்சம் வலிக்கிற கதை போல. "எங்க ஒத்துக்கிட்டாரு. சாம்பல் புதன் அன்னிக்குச் சொன்னேன், கூறுகெட்ட நேரம். உங்கம்மா சாகப்போறான்னாரு, நாலு பேர் என்ன சொல்வாங்கன்னாரு, தட்ட வச்சிட்டு எந்திரிச்சிட்டாரு. ஈஸ்டர் வரைக்கும், தவக்காலம் நாப்பது நாளும் எங்கிட்டப் பேசல அக்கா. நானும் விடல, தினம் அவர் முன்னாடி போய் உக்காந்துக்குவேன், ஜஸ்டின் இதச் சொன்னான் அதச் சொன்னான்னு சுவத்துக்குச் சொல்ற மாதிரி சொல்லிட்டே இருப்பேன். ஈஸ்டர் பூசை முடிஞ்சு வெளிய வந்ததும், அவன் மட்டன் சாப்பிடுவானான்னு கேட்டாரு. அவ்ளோதான்."

நான் திரும்பினேன். அப்பா நிற்கிறார், தட்டில் மைலோ டம்ளர்கள், எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவர் பெதானியைப் பார்க்கவில்லை, கூரைக் கறையையும் பார்க்கவில்லை. "அவ்வளவுதானா?" என்றார். மெதுவாக, அவளைக் கேட்கிற மாதிரியும் இல்லை. அவள் அப்பா அவ்வளவு சீக்கிரம் இறங்கிவிட்டாரா என்பதா? இல்லை, அவ்வளவு நாள் பேசாமல் இருந்தால் போதுமா என்பதா? இல்லை... இவள் மாதிரி நானும் விடாமல் சொல்லியிருந்தால் போதும் என்பதா, கதவருகே வந்து நின்ற அந்த ராத்திரிகள், ஃபேன் போட்டுக்கோ, அதற்கு முன்னால் ஒரு சின்ன இருமல், நான் புரட்டிய பக்கம். ஹாலில் சாதியா அக்கா ஜஸ்டினிடம் விளக்கிக்கொண்டிருக்கிறார், மனைவி கோட்டாவில் போட்டால் பிரச்சினையே இல்லை என்று, கீழே வழிகாட்டியின் கொடி அடுத்த தெருவுக்குத் திரும்பியிருக்கும். நான் கியட்டிடம் நடக்காது என்று சொன்னதே அப்பாவுக்கு எப்போது தெரிந்தது? நான் அவரிடம் சொல்லவே இல்லையே. எத்தனை ராத்திரி கழித்து அவர் வந்து நிற்பதை நிறுத்தினார்? அப்பா தட்டை நீட்டிக்கொண்டே இருக்கிறார், நான் எடுக்கவேண்டும் என்று காத்திருக்கிறவர் போல, டம்ளர்கள் ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொள்கின்றன...