ஸ்டேஷன் வாசல்

மொச்சைக் கொடியை ஒதுக்கிவிட்டு லத்திபா கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது வண்டிப்பாதையில் ஜீப் ஒன்று வந்து நின்றது. மூன்று கால் ஸ்டாண்டும் மஞ்சள் பெட்டியுமாக நான்கு பேர் இறங்கினார்கள். அவர்களைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். பதினோரு வருஷமாக இந்த ஆட்களுக்காகத்தான் காத்திருந்தாள்.

கூடலூரிலிருந்து லோயர் கேம்ப் போகிற சாலைக்குக் கிழக்கே இருந்தது அவளுடைய காடு. தொண்ணூற்றெட்டில் ரயிலுக்கு அளக்க வந்து ஊரைச் சுற்றிக் கல் நட்டுவிட்டுப் போனார்கள். கடைசி ஸ்டேஷன் கூடலூர்தான், அங்கிருந்து மலையைக் குடைந்து டன்னல் வழியாகக் குமுளிக்கு ரயில் போகும், காலையில் ஏறினால் கையில் வாங்கிய டீ ஆறுவதற்குள் மதுரை என்று கடைவீதியெங்கும் பேச்சாக இருந்தது. அந்தச் சமயம்தான் மகள் நிலோபர் பிறந்து, நாற்பது நாள் முடியும்வரை லத்திபா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அதற்கு முந்தின மாதம் அத்தா மவுத்தாகியிருந்தார். சொத்தைப் பிரித்தபோது கிணறும் திராட்சைப் பந்தலும் வீடும் அண்ணன் நூர் முகம்மதுக்குப் போயின. கிழக்கே இருந்த மானாவாரித் துண்டு அவளுக்கு வந்தது.

"ஒனக்கு ஸ்டேஷன் வாசலையே குடுத்திருக்கேன், தாயி. நாங்கதான் பந்தலக் கட்டிக்கிட்டுக் கெடக்கணும்" என்றார் அண்ணன். நாற்பது கழித்து வந்து பார்த்தால், அவர் சொன்னது போலவே அவள் துண்டின் நடுவில் சிவப்புக் கோடு போட்ட கல் நின்றது.

அதன்பின் ரயிலும் வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை. நிலத்தை விற்கலாம் என்றால், வாங்க வந்தவர்கள் கல்லைப் பார்த்துவிட்டு வரப்போடு திரும்பிப் போனார்கள். போர் போட்டுக் கரண்டுக்கு எழுதிப் போட்டால் ரயில் எடுக்கப்போகிற இடம் என்று திருப்பி அனுப்பினார்கள். பாங்கிலும் அதே பதில். மழை பெய்தால் மொச்சை, பெய்யாவிட்டால் வெறும் மண். அவள் புருஷன் ஷானவாஸ் அடுத்தவன் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் மலை ஏறி இறங்கினான். அவள் கூலிக்குத் திராட்சை வெட்டப் போனாள். போனதும் அண்ணன் பந்தலுக்குத்தான். தெருவில் அவளுக்குப் பெயரே ஸ்டேஷன்காரம்மா. "என்ன ஸ்டேஷன்காரம்மா, வண்டி லேட்டா?" என்று கர்ணன் டீக்கடையில் கேட்காத நாளில்லை. அதற்காக அவள் கல்லை வெறுக்கவில்லை. அது சாய்ந்தோ புதைந்தோ போனால் பதினோரு வருஷமும் வீணாகிவிடும் என்று ஒவ்வொரு வருஷமும் சுண்ணாம்பு அடித்து வைத்தாள்.

சர்வேயர் சின்ன வயசுக்காரர், முத்துராஜா என்று பெயர். மெஷினில் கண்ணை வைத்துப் பார்த்தார். எழுந்து கல்லைப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார்.

"இந்தக் கல்லு மொதல்லருந்தே இங்கனதான் இருக்காம்மா?"

"ஆமா தம்பி. நான் பாத்த நாள்லருந்து இங்கனதான்."

"மெஷின் அப்படிச் சொல்லலையே. இது ஸ்டேஷன் எல்லைக் கல்லு. அந்தா, அந்தப் பந்தலுக்குள்ள இருக்கணும்."

பக்கத்திலிருந்த அண்ணனுடைய பந்தலுக்குள் போனார்கள். அவளும் பின்னாலேயே போனாள். கவாத்து முடிந்து கொடிகள் மொட்டையாக நின்றன. கல்தூண் வரிசைக்கு நடுவே முத்துராஜா காட்டிய இடத்தில் பலவேசம் என்கிற கலாசித் தொழிலாளி கடப்பாரையால் குத்தினார். நாலாவது குத்தில் ணங்கென்றது. மண்ணை வழித்தால் சதுரமாகக் கான்கிரீட், அதன் நடுவில் கல் பிடுங்கிய குழி. ஒரு திராட்சை வேர் அதற்குள் இறங்கிப் போயிருந்தது.

"யாரோ பேத்துக் கொண்டுபோய் அங்கன நட்டிருக்காக" என்றார் முத்துராஜா. "நாளைக்குக் காலைல எங்க ஆபீசர் வருவாக. பக்கத்துல உள்ளவகள விசாரிச்சுத்தான் முடிவு. நீங்க அங்கனதான் இருந்துச்சுன்னு சொன்னா, கல்லு நிக்கிற எடத்தையே எல்லையா வச்சுக்கிடுவாக. இல்லேன்னா இங்கன மாத்தி நட்டுருவோம், ஒங்க எடம் வெளிய வந்துரும்."

"ரயிலு வந்துருமா தம்பி?"

"அது எங்களுக்குத் தெரியாதும்மா. அளக்கச் சொன்னாக, அளக்குறோம்."

ஜீப் போனதும் அவள் அண்ணனைத் தேடிப் போனாள். நூர் முகம்மது பந்தலின் மறுகோடியில் தளர்ந்த கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். சேதி அவருக்கு முன்பே எட்டியிருந்தது.

"நல்லாத்தான் பங்கு வச்சீக, அண்ணே. அத்தா குழி ஈரம் காயல. அதுக்குள்ள கல்லப் பேத்து எந் தலைல நட்டுட்டீகளே."

அவர் கம்பியை விடவில்லை. "பந்தலுக்குள்ள கல்லு நட்டா நான் எங்க போவேன்? அத்தா வச்ச கொடி. எம் புள்ளைக மூணும் இத நம்பித்தான் இருக்குக."

"எம் புள்ள எத நம்பி இருக்கு?"

முறுக்கிய கம்பி கையிலிருந்து நழுவித் தெறித்தது. அதன்பிறகுதான் அவள் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு கேக்குறேன் லத்திபா. அது ஒத்த ஆளு தூக்குற கல்லா?"

அவளுக்கு உடனே விளங்கவில்லை. பந்தல் கால் ஒன்றைப் பிடித்து நிறுத்தவே இரண்டு பேர் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். தோட்டத்து வேலையாள் ஒச்சாண்டி அந்த வருஷம் கால் முறிந்து கிடந்தான். மண்ணப்பிய லுங்கியோடு ஒரு நாள் பொழுதடைய வீட்டுக்கு வந்த ஷானவாஸ், பச்சைப்பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு, 'நீ அதிர்ஷ்டக்காரிடி' என்று அதன் காதில் சொன்னது ஞாபகம் வந்தது. பிள்ளை பிறந்த சந்தோஷம் என்றுதான் அன்று நினைத்திருந்தாள்.

மலையிலிருந்து ஷானவாஸ் திரும்பியபோது பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். முகம் கழுவத் தண்ணீர் ஊற்றியபடியே கேட்டாள். அவன் குனிந்த முகத்தை நிமிர்த்தாமலே பேசினான். தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டே இருந்தது.

"ரயிலு வந்தா பந்தல் பூராம் போயிரும் மாப்ளேன்னு ஒங்கண்ணன் அழுதாரு. நீங்க ஏன் மச்சான் வருத்தப்படுறீக, எங்க பக்கம் வச்சுக்கிடுவோம்னு நானாத்தான் சொன்னேன். ஸ்டேஷனையே ஒன் பக்கம் இழுத்துட்டு வந்துட்டோம்னு நெனச்சேன், லத்திபா. கடை வைக்கலாம், ஜீப் ஸ்டாண்டு போடலாம்னு. மச்சான் ஏமாந்துட்டாருன்னு அன்னைக்குப் பூரா சிரிச்சேன்."

"அவுகளும் சிரிச்சிருப்பாக."

"ஒனக்காகத்தான..."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

நிலோபர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். லத்திபா சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். அண்ணன் ஏமாற்றினார் என்பதை அவளால் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும். அழுது, மண்ணை வாரித் தூற்றி, ஜமாஅத்தில் சொல்லித் தீர்த்திருப்பாள். ஆனால் இரண்டு ஆம்பளைகளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கி, ஒருவரை ஒருவர் ஏமாற்றிவிட்டதாக நினைத்து அவள் நிலத்தில் இறக்கி வைத்த அந்தப் பாரத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

காலையில் ஆபீசர் வந்தார். வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அண்ணன் வரப்பில் நின்றார். ஷானவாஸ் அன்றைக்கு மலைக்குப் போகவில்லை. கர்ணன் கடையை விட்டுவிட்டு வந்திருந்தான். "ஸ்டேஷன்காரம்மாவுக்கு வண்டி வந்துருச்சுடோய்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

ஆபீசர் முதலில் அண்ணனைக் கேட்டார். "நான் பாத்த நாள்லருந்து அங்கனதான் சார்" என்றார் நூர் முகம்மது, அவள் நேற்றுச் சொன்ன அதே வார்த்தைகளில். ஷானவாஸைக் கேட்டார். "எனக்குச் சரியா ஞாபகமில்ல சார்."

"நீங்க சொல்லுங்கம்மா. ஒங்க நெலம். கல்லு எங்க இருந்துச்சு?"

அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "தாயி" என்றார், சத்தம் வராமல்.

லத்திபா மொச்சைக்குள் இறங்கி நடந்தாள். நேற்று அடித்த சுண்ணாம்பு காய்ந்து கல் பளிச்சென்று நின்றது. இத்தனை வருஷத்தில் அதைத் துடைத்திருக்கிறாள், வெள்ளையடித்திருக்கிறாள், சாயாமல் இருக்கச் சுற்றிலும் மண் அணைத்திருக்கிறாள். ஒரு தடவைகூட அசைத்துப் பார்த்ததில்லை. இரண்டு கையையும் அதன் தலையில் வைத்து, உடம்பைச் சாய்த்துத் தள்ளினாள். பால்பல் போல அது ஆடியது. அடியில் கான்கிரீட் இல்லை, வெறும் மண் வாய் பிளந்தது. அவள் கையை எடுக்காமல் இன்னொரு முறை தள்ளினாள். சுண்ணாம்பு ஏடு ஏடாகப் பெயர்ந்து மொச்சை இலைகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது.