மடங்கிய விரல்கள்

கல்யாணமான புதிதில் எனக்கு எதற்கெடுத்தாலும் கண்ணீர் வந்துவிடும். அவர் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் போதும், பொலபொலவென்று கொட்டும். "ஆரம்பிச்சுட்டியா உன் நாடகத்த?" என்று டிவி சத்தத்தைக் கூட்டுவார் என் வீட்டுக்காரர்.

பிறகுதான் எனக்கு வேலை கிடைத்தது. பிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கிற கடையில் புகார் கவுண்டர். வாங்கிப்போன மறுநாளே மெஷின் நின்றுவிட்டால் ஏழு தலைமுறையை இழுத்துத் திட்டுவார்கள். செய்தவன் எங்கோ இருப்பான், வாங்கிக்கட்டிக்கொள்ள நான். முதல் நாளே மேனேஜரம்மா வழி சொல்லிக்கொடுத்தார்.

"அழுகை வந்தாலும் கோவம் வந்தாலும் ஷூக்குள்ள கால்விரல இறுக்கி மடக்கிக்கோ. மேல சிரிச்சுட்டு, 'உங்க சிரமம் புரியுது சார்'னு சொல்லு. அவ்வளவுதான்."

நன்றாகவே வேலை செய்தது. வீட்டிலும் அதையே பழகிக்கொண்டேன். அவர் எரிந்து விழும்போதெல்லாம் வெறுங்காலில் விரலை மடக்கிக்கொண்டு நிற்பேன். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள்.

நாடகம் நின்றுபோனது. மனிதர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டாமா? அதுவும் குற்றமாகிப்போனது.

போன ஞாயிறு பெட்டியும் கையுமாகக் கூடத்தில் நின்றார். "உன்கூட இருக்கறதுக்கு செவுத்தோட குடும்பம் நடத்தலாம். போறேங்கறேன், உனக்கு ஒண்ணுமே ஆகலையா? ஒரு சொட்டு அழுதா கூட பெட்டிய கீழ வச்சுடுவேன்."

போகாதீங்க என்று கதற வேண்டும் போலிருந்தது. ஆத்திரமும் வந்தது. பாவி, அழுதபோதெல்லாம் வாயை அடைத்துவிட்டு, இப்போது வந்து கண்ணீர் கேட்கிறான்! இவனுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது? ஆனாலும் அவர் இருக்க வேண்டும் எனக்கு. அழுதுவிடு, அழுதுவிடு என்று என்னையே கெஞ்சினேன். விரல்கள் மடங்கிக்கொண்டன. வாய் பழக்கத்தில் திறந்தது.

"உங்க சிரமம் புரியுது."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கதவைக்கூடச் சாத்தாமல் போய்விட்டார்.

மகள் சுவரோரம் நின்றிருந்தாள். அப்பா செல்லம். அவர் ஊருக்குப் போனாலே சாப்பிடமாட்டாள்.

"அழுதுடு கண்ணு. அடக்கி வைக்காத."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்று அழகாகச் சிரித்தாள்.

குனிந்து அவள் காலைப் பார்த்தேன். அத்தனை விரல்களும் மடங்கித் தரையை இறுகப் பிடித்திருந்தன.