பதில் குரல்

பானை கழுவப் போன லுகாசோ அரை மணி நேரமாகியும் திரும்பவில்லை. ஓடை இருபது அடி தூரம். பானையும் ஒன்றுதான்.

பறவை ஆராய்ச்சி செய்யும் டாக்டர் அசூமினி பாசி படர்ந்த வேரில் உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, மூன்றாவது நாளாகக் காட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மடியில் நோட்டு. அதில் தேதி மட்டும் இருந்தது. அவள் தேடியது எங்கள் உலுகுரு மலைக் கீச்சான் பறவையை. பச்சை முதுகு, மஞ்சள் வயிறு. மர உச்சியை விட்டு இறங்காது. குரலை வைத்துத்தான் எண்ண வேண்டும். எங்கள் மேட்டில் அது அற்றுப்போய்விட்டது என்று எப்போதோ எழுதிவிட்டார்கள். போன மழையில் பார்த்தேன் என்று நான் சொல்லியனுப்பியதால்தான் கீழே மொரோகோரோ நகரத்திலிருந்து ஏறி வந்திருந்தாள். நண்பகல்வரை கேட்காவிட்டால் 'இல்லை' என்று எழுதிவிட்டு இறங்கிவிடுவாள்.

அதில் உனக்கென்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஊரில் என் பேச்சை ஒருவரும் நம்புவதில்லை. சியாஃபு எறும்புகள் என் இடது செருப்பைத் தூக்கிப்போய், அளவு சரியில்லை என்று மறுநாள் திருப்பிக் கொண்டுவந்து வைத்ததைச் சொன்னேன், சிரித்தார்கள். தும்பிக்கை மூஞ்சூறு ஒன்று என்னிடம் வழி கேட்டதைச் சொன்னேன், அதற்கும் சிரிப்பு. மூஞ்சூறு இருப்பதை மட்டும் டாக்டர் ஒப்புக்கொண்டாள். கீச்சான் விஷயம் வேறு. அதை நான் நிஜமாகவே பார்த்தேன். பழக்கமில்லாததாலோ என்னவோ, சொல்லும்போது எனக்கே நாக்குக் குழறியது.

லுகாசோ எனக்குக் கேலி முறைக்காரன். அவன் குலமும் என் குலமும் அப்படி. என்ன பேசினாலும் கோபப்படக் கூடாது. நான் செத்தால் குழி தோண்டுவதும், பிணத்தின் அருகே நின்று என்னைப்போல நடித்துக் காட்டுவதும் அவன் உரிமை. மலையேறும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"கிபுவா, நீ பாத்தேன்னு சொன்னதும் அந்தப் பறவைக்கே சந்தேகம் வந்திருக்கும்டா, நாம இருக்கமா இல்லையான்னு."

"உன் பானைச் சத்தத்துல கல்லுகூட எந்திரிச்சு ஓடும். வாய மூடிட்டு வா."

"குழி தோண்டப் போறவன்கிட்ட மரியாதையாப் பேசு. ஆழத்தக் குறைச்சுடுவேன்."

இப்போது ஓடைப் பக்கமிருந்து இரண்டு நீண்ட சீழ்க்கை. பின்னாலேயே சுருதி இறங்கும் ஒன்று. டாக்டரின் பென்சில் துள்ளியது.

"பெரியவரே, கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றேன். சீழ்க்கையின் முடிவில், பல் விழுந்த இடைவெளி வழியே காற்றுக் கசிந்ததையும் கேட்டேன். ஐம்பது வருடத்தில் லுகாசோ எனக்குச் செய்த முதல் நல்ல காரியம்.

"சோடியாத்தான் இருக்கும். பதில் குரல் வரட்டும்" என்றாள் அவள்.

ஒதுங்கிவிட்டு வருவதாகச் சொல்லி ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் போனேன். என் வாழ்நாளின் ஒரே உண்மைக்குப் பொய்ச்சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. உதட்டைக் குவித்தேன்.

திரும்பி வந்தபோது லுகாசோ ஈரப் பானையோடு நின்றான்.

"கோழி முட்டை போடுற மாதிரி இருந்துச்சுடா உன்னுது" என்று காதில் சொன்னான்.

"ரெண்டு பேரும் இப்படி வந்து உட்காருங்க" என்றாள் டாக்டர், தலை தூக்காமல். "எந்தக் கீச்சானுக்கும் பல்லு விழுந்து நான் கேட்டதில்ல."

எழுதிய இரண்டையும் அடித்தாள். மணியைப் பார்த்தாள். பென்சிலை நக்கிவிட்டு 'இல்லை'யின் முதல் எழுத்தைப் போட்டாள்.

அப்போது மூடுபனிக்கு மேலே, வெகு உயரத்தில், இரண்டு நீண்ட சீழ்க்கை. பின்னாலேயே இறங்கும் ஒன்று.

டாக்டர் எங்கள் உதடுகளைப் பார்த்தாள். நான் லுகாசோவின் உதடுகளைப் பார்த்தேன். அவன் பாய்ந்து என் வாயைப் பொத்தினான். கையில் கருவாட்டு வாடை. நானும் அவன் வாயைப் பொத்தினேன். டாக்டரும் ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இலைகளிலிருந்து நீர் சொட்டியது. அந்த ஒற்றை எழுத்தின் மேல் பென்சில் முனை அசையாமல் நிற்க, மூன்று பேரும் மேலே பார்த்தபடி பதில் குரலுக்காகக் காத்திருந்தோம்.