வாந்தி எடுத்த ஓக் மரம்

ஆல்கோட் ஊரின் நாலு பெரிய ஓக் மரங்களில் தேவாலயத்தை ஒட்டி நின்ற மூத்த மரம், மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால் வண்டி கடந்துபோன கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தது. அடிமரத்துப் பொந்து இரண்டு தரம் குமட்டியது. பிறகு மஞ்சளும் பச்சையுமாகக் கொழகொழவென்று கொட்டியது. புளித்த பாலும் செத்த எலியும் கலந்த நாற்றம். அந்த வாந்தி மேட்டில் ஏறி, தெருமுனையில் திரும்பி, ஆப்பிள் தோட்டக்காரர் சைலஸ் ப்ராபர்ட்டின் வாசலில் போய்த் தேங்கியது.

சைலஸ் தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டி விற்க நினைத்தவர். அங்கே போகும் வண்டிப்பாதைக்கு அந்த ஓக் மரம் குறுக்கே நின்றது. வெட்டக் கூடாதென்று ஊர்ச்சபை சொல்லிவிட்டதால், வேரில் துளை போட்டுக் களைக்கொல்லியை ஊற்றியிருந்தார். இப்போது வாசலில் கிடந்ததை அள்ளி ஆற்றில் கொட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது திரும்பி வந்துவிட்டது. ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலியோரம் நின்று சிரித்தது.

“என்ன சைலஸ், விருந்தாளி கிளம்ப மாட்டேங்கிறாரா?” என்றாள் மதுக்கடைக்காரி டோர்கஸ்.

“மழைத்தண்ணிதான், வேறென்ன,” என்றார் அவர், மீசையில் ஒட்டியதைத் துடைத்தபடி.

“மழைத்தண்ணின்னா ஒரு மடக்கு குடிச்சுக் காட்டேன்,” என்றாள் அவர் மனைவி ஹெஸ்டர், ஊர் கேட்க.

அவர் குடிக்கவில்லை. அருவருப்பு தாங்காமல் ஹெஸ்டர் பெட்டியோடு பக்கத்து ஊருக்குத் தங்கை வீட்டுக்குப் போனாள். வாந்தியில் ஒரு கிளை பிரிந்து அவள் பின்னாலேயே போனது. அவர் வேரில் ஊற்றியபோது களைக்கொல்லி டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தானே. மறுவாரம் அது டோர்கஸின் கடைக்குள் புகுந்தது: அவர் ஊற்றியதை ஜன்னல் வழியே பார்த்தும், புது வீடுகள் வந்தால் வியாபாரம் பெருகும் என்று வாயை மூடிக்கொண்டவள். அப்புறம், தெரிந்தும் தெரியாததுபோல் இருந்த பாதிரியார் வீடு, ஊர்ச்சபைத் தலைவர் வீடு. ஒருவர் வாசல் நாறும்போது சிரிக்க இன்னும் யார் மிச்சம் என்று ஊரே பார்த்தது.

கடைசியில் எல்லாரும் சேர்ந்து, நாற்றம் தாங்காமல் ஆளுக்கு ஒருதரம் வாந்தி எடுத்து, விஷம் ஏறிய மண்ணைத் தோண்டி எறிந்தார்கள். ஹெஸ்டரும் வந்து, சைலஸுக்கு எட்டத்தில் நின்று தோண்டினாள். மரம் பிழைத்தது. வீடுகள் எழவில்லை.

ஆனால் ஒவ்வொரு மே மாதமும் அது வாந்தி எடுக்கிறது. எல்லா வாசலுக்கும் வருவதால் யாரும் யாரையும் ஒன்றும் சொல்வதில்லை. ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி, ரொட்டி வாங்கப் போகிறார்கள்.