நாற்பத்தோராவது கேள்வி

ரெய்னியர் இறந்த பன்னிரண்டாம் நாளே ஹெஸ்டர் வேலைக்கு வந்துவிட்டாள். சைக்கிளை வழக்கமான கம்பியில் பூட்டினாள். கோட்டைக் கழற்றி மாட்டினாள். மேசையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். அவளிடம் சொல்வதற்கென்று நாங்கள் ஆளுக்கொரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தோம். ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னோம். எல்லோருக்கும் "நன்றி" என்றாள். ஒரு கோப்பு எடுத்துக் கொடுத்தவனுக்குச் சொல்கிற அதே நன்றி.

என் பெயர் எவர்ட். உட்ரெக்ட் நகரத்தில் எங்களுடைய ஓவிய ஆவணக் காப்பகத்தில் புகைப்படப் பெட்டிகள் என் பொறுப்பு. பழைய ஓவியங்களின் புகைப்படங்கள் ஆறு லட்சத்துக்கு மேல் நிலவறையில் இருக்கின்றன. எந்தப் படத்தை யார் வரைந்தார், யார் யாரிடம் இருந்தது, எப்போது எங்கே கைமாறியது என்பதெல்லாம் அட்டைகளின் பின்பக்கம் எழுதியிருக்கும். அவற்றை இணையத்தில் எல்லோரும் தேடும்படி பதிவேற்றும் வேலையைத் தொண்ணூற்றேழில் ஆரம்பித்தோம். இன்றுவரை பாதிப் பதிவுகளுக்கு மேல் ஹெஸ்டர் ஒருத்தி தட்டச்சு செய்தவை. அவள் கணவன் ரெய்னியர் மூன்றாம் மாடி ஆய்வாளன். என் நண்பனும்கூட. மார்ச் முதல் வாரம் மாடிப்படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

வேலைக்குத் திரும்பியவளுக்கு நிர்வாகம் ஓர் இலகுவான பணி கொடுத்தது. அவர்கள் அதை இலகுவானது என்று நினைத்தார்கள்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களை எங்கள் தரவுத்தளத்தோடு இணைக்கும் திட்டம் அது. மாணவர்களும் ஆய்வாளர்களும் ஏற்கெனவே அவற்றிடம்தான் ஓவியங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்லி அவை பலரை ஏமாற்றியிருந்தன. இனிமேல் உதவியாளர் எங்கள் பதிவுகளுக்குள் தானே நுழைந்து தேடும், படத்தைப் பார்க்கும், எந்தப் பதிவிலிருந்து எடுத்தது என்று எண்ணோடு பதில் தரும். இணைப்பைக் கட்டியவள் ஃபெம்கே. குரோனிங்கன் பக்கத்துப் பெண், முப்பது வயது, எதையும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள்.

"முன்னாடி கேட்டா வாய்க்கு வந்தத அவுத்து விடும். இப்ப எண்ணோட சேத்து அவுத்து விடுதான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்று ஹெஸ்டரிடம் சொன்னாள்.

ஹெஸ்டர் நூற்றிருபது கேள்விகள் எழுதினாள். எல்லாம் எங்களுக்கு விடை தெரிந்த கேள்விகள். கேள்வியைக் கொடுப்பது, பதிலைப் படிப்பது, பதிவு எண்ணைத் திறந்து சரிபார்ப்பது, சரி அல்லது தவறு என்று குறிப்பது. ஒரு நாளைக்குப் பத்து கேள்வி. மே மாதத்தில் இரண்டரை வாரம் அவளும் ஃபெம்கேயும் ஜன்னலோர மேசையில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நிலவறையிலிருந்து பெட்டி தேவைப்பட்டால் நான் கொண்டுபோவேன்.

"தூங்குறியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"படுக்குறேன். விடிஞ்சிடுது."

"சாப்பிடுறியா?"

"எவர்ட், பெட்டியக் குடு."

அழவில்லை. கோபப்படவும் இல்லை. அவளிடம் பேசுவது கையுறை போட்ட கையைப் பிடித்துக் குலுக்குவது போலிருந்தது.

நாற்பத்தோராவது கேள்வி ரெய்னியருடையது. அதாவது அவன் விடை கண்ட கேள்வி. வெஸ்தர்வேல் என்கிற ஆற்றங்கரை ஊரின் அருங்காட்சியகத்தில் ஒரு பனிக்கால ஓவியம் இருக்கிறது. உறைந்த ஆறு, பனிக்கட்டியில் சிக்கிய படகு, சறுக்கி விளையாடும் ஜனங்கள், பின்னால் இரண்டு கோபுரங்கள். யார் வரைந்தது என்று நூறு வருடமாகத் தெரியாமல் கிடந்தது. காத்தலைன் ரூலாண்ட்ஸ் என்ற பெண்தான் வரைந்தாள் என்று ரெய்னியர் நிறுவினான். பதினேழாம் நூற்றாண்டில் அந்த ஊரில் வாழ்ந்தவள். அவள் வரைந்ததாக அதுவரை ஒரே ஒரு சிறிய பூப்படம்தான் தெரியும். இரண்டாயிரத்துப் பத்தில் அவன் புத்தகம் வந்தது. கண்காட்சி நடந்தது. வெஸ்தர்வேலில் ஒரு சந்துக்கு அவள் பெயர் வைத்தார்கள். ரெய்னியரின் இரங்கல் அட்டையில் நாங்கள் அச்சடித்ததும் அந்தப் படத்தைத்தான்.

சுலபமான கேள்வி என்று நினைத்துத்தான் ஹெஸ்டர் அதைச் சேர்த்திருந்தாள். 'இந்த ஓவியத்தை வரைந்தவர் யார்? ஆதாரங்களைப் பட்டியலிடவும்.'

நான் அப்போது ஒரு பெட்டியைத் திரும்ப எடுத்துப் போக வந்திருந்தேன். ஃபெம்கே பதிலை வாசித்தாள். தற்போதைய பதிவின்படி காத்தலைன் ரூலாண்ட்ஸ். அதற்கு ரெய்னியரின் புத்தகம் சான்று. அதுவரை சரி. பிறகு அவள் குரல் மெதுவானது. இதே ஓவியம் என்று கருதத்தக்க இன்னொரு புகைப்படம் தரவுத்தளத்தில் உள்ளது. 1911இல் கொலோன் நகர வியாபாரி ஒருவரிடம் எடுத்தது. ஜெர்மன் தலைப்பின் கீழ், ஓவியர் பெயர் இல்லாமல், வேறாகப் பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவின் குறிப்பில் 'கீழே வலப்பக்கம், சறுக்குவண்டிக்கு அடியில் கையெழுத்து: யா. பெர்க்கல்' என்று இருக்கிறது. மூலப் புகைப்படத்தைப் பார்த்து உறுதிசெய்வது நல்லது.



"இது உளறுது" என்றாள் ஃபெம்கே. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "தவறுன்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடலாம், ஹெஸ்டர்."

"எண் குடுத்திருக்கா?"

"குடுத்திருக்கு."

"தெற."

திறந்தாள். பதிவு இருந்தது. 1998ஆம் ஆண்டு. பதிந்தவர் என்ற இடத்தில் ஹெஸ்டரின் முதலெழுத்துகள். திரையில் இருந்த படம் தபால்தலை அளவுக்குச் சிறியது, மங்கல். ஆனாலும் படகு அதே படகு. இரண்டு கோபுரங்களும் அதே இடத்தில்.

"நாந்தான் போட்டிருக்கேன்" என்றாள் ஹெஸ்டர். "ஞாபகமே இல்ல. அப்ப ரெய்னியரயே எனக்குத் தெரியாது." பிறகு என்னைப் பார்த்தாள். "எவர்ட், கொலோன் பெட்டி. பதினாலோ பதினஞ்சோ. பாத்து எடுத்துட்டு வா."

நிலவறைக்குப் போனேன். பதினைந்தில் இருந்தது. அங்கேயே திறந்து பார்க்காமல் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். திறந்தேன். அட்டையை உருவியபோது கூடவே ஓர் இளஞ்சிவப்புச் சீட்டும் வந்தது. மாடியில் இருப்பவர்களுக்குப் படம் அனுப்பும்போது அதன் இடத்தில் வைக்கிற சீட்டு. படம் திரும்பி வந்ததும் எடுத்துக் கிழித்துவிட வேண்டும். இதை யாரோ கிழிக்க மறந்திருந்தார்கள். பெற்றுக்கொண்டவர்: ரெய்னியர். நோக்கம்: ரூலாண்ட்ஸ். தேதி: 14 அக்டோபர் 2008. கொடுத்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

எனக்கு நினைவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது அட்டைகள் மேலே போகும், கீழே வரும்.

சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினேன். மூன்றாவது படிக்கட்டில் நின்று வெளியே எடுத்தேன். மறுபடி உள்ளே வைத்தேன். கடைசியில் அட்டையின் மேலேயே வைத்து அவள் முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டேன். முப்பது வருடப் பழக்கம், பெட்டியில் இருப்பதைப் பெட்டியோடு கொடுப்பது. நல்ல மனசு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஹெஸ்டர் சீட்டை முதலில் படித்தாள். தள்ளி வைத்தாள். பூதக்கண்ணாடியை எடுத்தாள். புகைப்படத்தில் ஓவியம் இப்போது இருப்பதைவிடக் கீழே மூன்று விரல் அகலம் கூடுதலாக இருந்தது. பின்னால் எப்போதோ யாரோ ஓவியம் வரைந்த மரப்பலகையை அறுத்திருக்கிறார்கள். அறுபட்ட அந்தத் துண்டில்தான் சறுக்குவண்டியும் கையெழுத்தும். நானும் பார்த்தேன். பெர்க்கல் என்று வேறொரு ஓவியனின் பெயர் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது.

"அவன் பாத்துட்டு சரியா கவனிக்காம விட்டிருக்கலாம்" என்றேன்.

"ரெய்னியரா? சூப்புல ஒரு மிளகு கூடக் கெடந்தா எடுத்துத் தட்டு ஓரத்துல வெப்பான்."

"பின்னாடி யாரோ போட்ட போலிக் கையெழுத்துன்னு நெனச்சிருக்கலாம்."

"அப்படின்னா புத்தகத்துல எழுதியிருப்பான். அஞ்சு பக்கம் எழுதியிருப்பான்." அவள் குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. "அந்தப் புத்தகத்துக்குப் பொருளடைவு போட்டது நான். கொலோன்னு ஒரு சொல்லு கூட அதுல கெடையாது."

ஃபெம்கே எழுந்து போய்க் காபி கொண்டுவந்தாள். யாரும் குடிக்கவில்லை. ஹெஸ்டர் பட்டியலை எடுத்து நாற்பத்தொன்றுக்கு நேராக 'சரி' என்று குறித்தாள். "நாப்பத்தி ரெண்டு" என்றாள்.

அன்றைக்குப் பத்து கேள்வியும் முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மறுநாள் அவள் திருத்தக் குறிப்பை எழுதி என்னிடம் காட்டினாள். இரு புகைப்படங்களும் ஒரே ஓவியத்தினுடையவை. கையெழுத்து பெர்க்கல். முன்பு ரூலாண்ட்ஸ் எனக் கருதப்பட்டது. கடைசியில் ஒரு வரி: 1911 புகைப்படத்தை ஆய்வாளர் அக்டோபர் 2008இல் பார்வையிட்டுள்ளார்.

"கடைசி வரி வேணாம், ஹெஸ்டர்."

"ஏன்?"

"செத்துப் பத்து வாரம்தான் ஆகுது. அவன் திரும்ப வந்து பதில் சொல்லவா போறான்? படத்த வரஞ்சது யாருன்னு சொல்லியாச்சு. அது போதாதா?"

"இத எடுத்துட்டா, நாளைக்கு எவனாவது கேப்பான், இவங்க காப்பகத்துலயே இருந்த படத்த எப்படிடா பாக்காம விட்டாங்கன்னு. பாக்காம விடல. பாத்தாச்சு."

"நான்தான் குடுத்தேன். என் பேரும் வரும்."

"வரும்" என்றாள். "வேற ஒருத்தி புருஷனா இருந்தா நீ இவ்ளோ நேரம் நின்னு பேசியிருப்பியா?"

நான் கோட்டை எடுத்துக்கொண்டு கால்வாய் ஓரமாக ஒரு சுற்று நடந்தேன். திரும்பி வந்தபோது அவள் வெஸ்தர்வேல் அருங்காட்சியகத்துக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். அதன் இயக்குநர் வில்லமைன், ரெய்னியரின் இறுதி நிகழ்ச்சியில் அந்த ஓவியத்தைப் பற்றியே பத்து நிமிடம் பேசிய அம்மாள். ஹெஸ்டர் போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். கைகள் சும்மா மடியில் கிடந்தன.

"இத ஏன் நீங்க சொல்றீங்க?" என்று வில்லமைனின் குரல் உடைந்து வந்தது. "வேற யாராவது சொல்லக்கூடாதா? உங்களுக்கு என்ன தலையெழுத்தா?"

"அது என் பதிவு."

"ஹெஸ்டர், எங்க ஊர்ல வருஷா வருஷம் பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்கள அந்தப் படத்துக்கு முன்னாடி நிக்க வெச்சு, பாருங்க, நம்ம ஊர்ப் பொம்பள வரஞ்சதுன்னு சொல்றோம். இனிமே நான் என்ன சொல்லட்டும்?"

"பூப்படம் அவளோடதுதான். அத நான் சரிபாத்துட்டேன்."

"அது உள்ளங்கை அளவு இருக்கு!"

"ஆமா" என்றாள் ஹெஸ்டர்.

வில்லமைன் அழுதாள். ஹெஸ்டர் அழுகை முடியும்வரை காத்திருந்து, எந்தத் தேதியில் குறிப்பு வெளியாகும் என்பதைச் சொல்லிவிட்டு வைத்தாள்.

ஜூனில் குறிப்பு வெளியானது. ஒரு செய்தித்தாள்காரர் வந்தார். நிபுணரின் தவறை இயந்திரம் கண்டுபிடித்தது என்று அவருக்கு எழுத ஆசை. ஹெஸ்டர் அவரை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். புகைப்படம் எடுத்தது கொலோன்காரர். பின்பக்கம் எழுதியது அவருடைய குமாஸ்தா. தட்டச்சு செய்தது அவள். ஜெர்மனிலும் தேடிப் பார்க்கலாம் என்று உதவியாளருக்குத் தோன்றியது. தவறும் இல்லை அது, ரெய்னியர் தெரிந்தே விட்டது. அவர் இதில் பாதியை எழுதினார். என்னைக் கூப்பிட்டுக் காப்பகத்தின் குழு ஒன்று விசாரித்தது. சீட்டு என்னுடையதுதான் என்றேன். ரெய்னியரின் மற்ற ஆய்வுகளையும் மறுபடி பார்க்க முடிவு செய்தார்கள். அந்த வேலையையும் ஹெஸ்டரே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஃபெம்கேயும் அவளும் பதினேழு ஓவியங்களை உதவியாளரிடம் கொடுத்து, அது சொன்ன ஒவ்வொரு எண்ணையும் பெட்டியில் பார்த்தார்கள். பதினேழும் அவன் சொன்னபடியே இருந்தன.

"பாத்தீங்களா!" என்று ஃபெம்கே துள்ளினாள். "சுத்தம்! எல்லாம் சுத்தம்!"

ஹெஸ்டர் தலையை ஆட்டினாள்.

செப்டம்பரில் வெஸ்தர்வேலில் ஓவியத்துக்குப் புதிய பெயர்ப்பலகை வைத்தார்கள். நானும் ஹெஸ்டரும் ரயிலில் போனோம். ஓவியத்தைப் பெரிய கூடத்திலிருந்து படிக்கட்டுத் திருப்பத்துக்கு மாற்றியிருந்தார்கள். வில்லமைன் எங்களுக்குக் கை கொடுத்தாள், அவ்வளவுதான். ஹெஸ்டர் படத்துக்கு முன்னால் நின்றாள். பலகையை வாசித்தாள். அடுத்த ஆள் மேலே ஏறி வர வழிவிட்டு நகர்ந்தாள்.

திரும்பும் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். மழை பெய்திருந்தது. மேய்ச்சல் நிலத்திலெல்லாம் தண்ணீர் நின்றது.

"எவர்ட், ஒண்ணு கேக்குறேன்" என்றாள். "ரெண்டாயிரத்து எட்டுல நாங்க ஒரே வீடு, ஒரே மேசை. காலைல எழுந்தா அவன் முகத்துலதான் முழிப்பேன். ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

யோசித்தாள். "பதிவு பண்ணியிருப்பேன்."

"அதான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டிக்கெட் பரிசோதகர் வந்தார். பயண அட்டையை எடுக்கக் கைப்பையைத் திறந்தவள், எதற்குத் திறந்தோம் என்பதே மறந்துபோய், உள்ளே விட்ட கையோடு அப்படியே இருந்தாள். அவர் காத்திருந்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் என் அட்டையைக் காட்டி, "அவங்களும் என்னோடதான்" என்றேன். பரவாயில்லை என்று தலையசைத்துவிட்டு அவர் அடுத்த பெட்டிக்குப் போனார். உட்ரெக்ட் வருவதற்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.