ஸ்டீவனுக்கு வைத்த பிளக்ஸ்

லோகுவுக்கு பிளக்ஸ் என்றால் உயிர். காதுகுத்தோ, கல்யாணமோ, கண்ணீர் அஞ்சலியோ, கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய அந்தக் காலனியில் கம்பு நட்டுக் கயிறு கட்ட முதலில் ஏறுகிறவன் அவன்தான். பிளக்ஸ் வைக்காத விசேஷம் விசேஷமே இல்லை என்பது அவன் கட்சி. அப்படிப்பட்டவன், ஐடிஐயில் கூடப் படித்து, ஒரே இரும்புக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்தில் நின்று வெல்டிங் அடிக்கும் ஸ்டீவன் கனடாவுக்குக் கிளம்பும்போது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பானா?

இருந்திருக்க வேண்டும். அதைத்தான் இப்போது நினைத்து நினைத்து மாய்ந்து போகிறான்.

ஸ்டீவனின் அக்கா ஹெலன் கனடாவில் நர்ஸ். அவள் இருக்கும் ஊரில் தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறை ஒன்று உண்டு. அதன் முதலாளிக்கு வெல்டர் தேவைப்பட்டது. ஆனால் ஆளை நேரில் பார்த்துப் பேசாமல் யாருக்கும் வேலைக் கடிதம் தருகிற வழக்கம் அவருக்கு இல்லை. ஸ்டீவனுக்கு வயது முப்பத்தாறு. இதை விட்டால் வேறு வாசல் திறக்கும் என்று அவனுக்கு நம்பிக்கையில்லை. அவன் மனைவி ஏஞ்சலின் மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து ஜெபித்தாள்.

விசிட்டர் விசா கைக்கு வந்த அன்று ஹெலன் வீடியோ காலில் வந்தாள். லோகுவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

"நல்லா கேட்டுக்கோ ஸ்டீவா. இங்க வேலை செய்யணும்னா மொதலாளி லெட்டர் வோணும், அத வெச்சி ஒர்க் பர்மிட் வாங்கணும். படிக்க வரலாம், அது நமக்குத் தோதுப்படாது. நீ இப்ப வர்றது விசிட்டரா. எங்கூட்ல ஒரு மாசம் இருக்கப் போற. அவரப் பாத்துப் பேசப் போற. லெட்டர் குடுத்தாருன்னா ஊருக்குத் திரும்பிப் போயி, அங்கருந்து பர்மிட்டுக்குப் போடணும். நடுவுல ஒரு நாள் கூட வேலை செய்யக் கூடாது. ஏர்போர்ட்ல கேட்டா இத அப்படியே சொல்லு. இதுல பொய்யும் இல்ல, பயமும் இல்ல."

"அப்போ வேலை கெடச்ச மாரிதானக்கா?" என்றான் லோகு.

"கெடைக்கல லோகு. கெடைக்கலாம். அது வேற, இது வேற. ஊரக் கூட்டி வெக்காதீங்கோ."

லோகு நன்றாகத் தலையாட்டினான். அவன் தலையாட்டினால் காது கேட்கவில்லை என்று அர்த்தம்.

மறுநாளே அரசப்பன் பிளக்ஸ் கடையில் போய் நின்றான்.

"இன்னான்னு போடட்டும்? வேலைக்கா, சும்மா பாக்கவா?" என்று கேட்டார் அரசப்பன்.

லோகு யோசித்தான். அக்கா வீட்டுக்குப் போகிறவனுக்கு உலகத்தில் எவனாவது பிளக்ஸ் வைப்பானா? அப்படி வைத்தால் காலனியே கைகொட்டிச் சிரிக்காதா? "வேலைன்னே போடுண்ணா" என்றான். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பதினைந்தடி நீளம், பத்தடி உயரம். பின்னால் பனிமலை, மேலே விமானம், ஓரத்தில் கனடாக் கொடி. ஜென்மத்தில் கோட்டுப் போடாத ஸ்டீவனுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு கோட்டு. 'கனடா நாட்டிற்கு வேலைக்குச் செல்லும் எங்கள் தங்கம் ஸ்டீவனை வாழ்த்தி வழியனுப்புகிறோம்' என்று கொட்டை எழுத்து. கீழே பதினோரு நண்பர்களின் முகங்கள். நடுவில் கறுப்புக் கண்ணாடியோடு லோகு.

கிளம்புகிற அன்று அதைப் பார்த்து ஸ்டீவன் அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னாடா இது, வேலைக்குன்னு போட்டுக்கிற? அக்கா அவ்ளோ சொல்லிச்சே."

"அட போடா, எப்படியும் வேலைதான? நம்ம காலனி பிளக்ஸ கனடாக்காரன் வந்தா படிக்கப் போறான்?"

ஸ்டீவன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் முகத்தில் வந்த சிரிப்பை அவனால் மறைக்க முடியவில்லை. அதுவரை அவன் முகம் எந்த பிளக்ஸிலும் வந்ததில்லை. கல்யாணத்துக்குக்கூட மழை வந்து கெடுத்துவிட்டது. எல்லோரும் அதன் கீழே கூடி நின்று படம் எடுத்து, அவன் போனுக்கும் அனுப்பினார்கள்.

ஐந்தாம் நாள் ஷிஃப்ட் முடிந்து வந்துகொண்டிருந்த லோகுவின் முன்னால் ஷேர் ஆட்டோவிலிருந்து ஸ்டீவன் பெட்டியோடு இறங்கினான். தலைக்கு மேலே பிளக்ஸ் அப்படியே இருந்தது. கோட்டுப் போட்ட ஸ்டீவன் மேலே சிரித்துக்கொண்டிருக்க, தாடி வளர்ந்த ஸ்டீவன் கீழே நின்றான்.

"பேப்பர்ல ஏதோ சரியில்லன்னு திருப்பி அனுப்ட்டாங்க மச்சான்" என்றான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தான்.

டீக்கடையில் லோகு கொதித்துப் போனான். ஏர்போர்ட் அதிகாரியைத் திட்டினான், விசா ஆபீசைத் திட்டினான், கனடா தேசத்தையே மொத்தமாகத் திட்டித் தீர்த்தான். ஸ்டீவன் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். லோகுவே பிளக்ஸை அவிழ்த்து, மழைக்கு ஆகும் என்று ஏஞ்சலினிடம் கொடுத்தான். போட்டிருந்த லீவு முடிவதற்குள்ளேயே ஸ்டீவன் பழைய இடத்தில், லோகுவின் பக்கத்தில் நின்று வெல்டிங் அடிக்க ஆரம்பித்தான். பேச்சு மட்டும் குறைந்துபோயிருந்தது.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லோகு தானாகவே ஹெலனுக்குப் போன் போட்டான்.

"அக்கா, இன்னொரு தபா போட்டுப் பாக்கலாம். இன்னா பேப்பர் கொறையுதுன்னு சொல்லு, நான் அலைஞ்சி வாங்கியாறேன்."

ஹெலன் கேட்டாள்: "அவன் உங்கிட்ட சொல்லவே இல்லியா?"

நடந்ததைச் சொன்னாள். கனடா ஏர்போர்ட்டில் ஸ்டீவன் எல்லாவற்றையும் உள்ளபடியே சொல்லியிருக்கிறான். அதிகாரி போனை வாங்கிப் பார்த்திருக்கிறார். அதில் அந்த பிளக்ஸ் படம் வந்தது. கனடாக் கொடியும் கொட்டை எழுத்தும் இருக்கவே, மொழிபெயர்க்கும் ஒரு இலங்கைத் தமிழ் அம்மாவைப் போனில் பிடித்து, படத்தை அனுப்பிப் படிக்கச் சொல்லியிருக்கிறார்.

"அந்தம்மா படிச்சிட்டு இவன்கிட்ட சொன்னாங்களாம்: 'தம்பி, வேலைக்குச் செல்லும் எண்டுதான் இதில கிடக்கு. நான் மாத்திச் சொல்லேலாது, குறை நினையாதேங்கோ.' அதோட முடிஞ்சிச்சி லோகு. நெசத்த சொன்னவன் பொய் சொன்னவனா ஆயிட்டான். இனிமே எப்போ போட்டாலும் திருப்பி அனுப்புனத எழுதித்தான் ஆவணும். அந்த மொதலாளியும் வேற ஆள எடுத்துக்கினாரு."

போனை லோகு வைத்தானா, அவளே வைத்தாளா, தெரியாது. டீக்கடையில் தான் திட்டிய திட்டெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் ஸ்டீவன் வீட்டுக்கு நடந்தான்.

ஸ்டீவன் சர்ச்சுக்குப் போய்வந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். லோகுவின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா சொல்லிட்ச்சா?"

"ஏன்டா எங்கிட்ட மறச்ச?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப? சோறு தின்னாம கெடந்திருப்ப. எனக்கு அது வேற பேஜாரு."

"அந்தப் போட்டோவ அழிச்சிருக்கலாம்லடா. நான்தான் அறிவுகெட்டு வெச்சேன். நீயாவது அழிச்சிருக்கலாம்ல?"

ஸ்டீவன் சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தான்.

"பிளேன் ஏறச்சொல்ல அழிச்சிடலாம்னுதான் எடுத்தேன். அவ்ளோ தூரம்டா. பக்கத்துல தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு கூட இல்ல. பயமா இருந்திச்சி. ஒங்க எல்லாரையும் பாத்துக்கினே போயிட்டேன்."

லோகு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதான். ஸ்டீவன் அவனைத் தேற்றவில்லை, போகவும் சொல்லவில்லை. உள்ளே திரும்பி, "ஏஞ்சலின், லோகுவுக்கும் சேத்து நாஷ்டா வைம்மா" என்றான்.