முப்பதாவது ஆள்

“இந்த அமெரிக்கா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், தன் வீட்டைத் தானே ஏலத்துக்கு அனுப்பிட்டு நிக்கிற ஒரே மனுஷன் நான்தான்!”

ஆர்வில் டாக்கெட் இதைச் சொல்லிவிட்டுப் பதக்கம் வாங்கியவர்போல டோனட்டை உயர்த்திக் காட்டினார். காலடியில் பெட்டி. கடைக்காரி ரோசால்வா காபி ஊற்றுவதை நிறுத்தினாள். மூலை மேசையில் இருந்த கஸ் வாண்டர்மோலன் நிமிரவே இல்லை.

“புளுகு. நம்பாதே ரோசா. இவன் பஸ் ஓட்டின காலத்துல தினம் பஸ்ஸுக்குள்ள ஒரு பிரசவம் பார்த்ததாச் சொல்றவன்.”

“இரட்டைப் பிள்ளையெல்லாம் இருந்துச்சுடா, அதை விட்டுட்டியே,” என்றார் ஆர்வில்.

விவகாரம் புல்லில் தொடங்கியது. அந்தக் கோடையில் புளோரிடாவில் அடித்த வெயிலுக்கு முதலைகளே குளத்தை விட்டு ஏறி, மளிகைக் கடை ஏசிக்கு அடியில் வந்து படுத்தன. புல்லுக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று ஊர் நிர்வாகம் உத்தரவு போட்டது. புல் பச்சையாகத்தான் இருக்கவேண்டும் என்று பெலிக்கன் கோவ் குடியிருப்பின் வீட்டுக்காரர் சங்கம் கடிதம் போட்டது. இரண்டுக்கும் நடுவில் ஆர்வில் ஒரு பீப்பாய் பச்சைச் சாயம் வாங்கிவந்து புல்லுக்கு அடித்துவிட்டார். நிஜப் புல் பார்த்தால் வெட்கப்படும் பச்சை. எங்கிருந்தோ ஒரு பசு நெடுஞ்சாலையைத் தாண்டி வந்து, ஒரு வாய் கடித்துவிட்டு, அவரை முறைத்துவிட்டுப் போனது.

பசுவுக்குப் பின்னால் சங்கச் செயலாளர் டோரீன் ஸ்பிட்லர் வந்தாள். குப்பைத்தொட்டியின் நிழல் தெருவில் விழுந்தால்கூட அபராதம் எழுதும் பெண்.

“இந்தப் பச்சை நம்ம வண்ணப் பட்டியல்ல இல்லையே, மிஸ்டர் டாக்கெட்.”

“வேற என்னதான் இருக்கு உங்க பட்டியல்ல?”

“பழுப்புல ஒன்பது தினுசு இருக்கு.”

“அடக் கடவுளே, புல்லு பழுப்பாத்தானே இருந்துச்சு!”

“அது சுவருக்கு.”

அபராதத்தைக் கட்டமாட்டேன் என்றார் ஆர்வில். வக்கீல் கடிதம் வந்தது. மாதச் சந்தாவை அவர் ஒருபோதும் தவறவிட்டதில்லை. ஆனால் சங்கத்தின் விதிப்படி, வரும் காசோலை முதலில் வக்கீல் கூலிக்குப் போகும். அதனால் சந்தா பாக்கி விழும். பாக்கி விழுந்ததைச் சொல்ல வக்கீல் இன்னொரு கடிதம் எழுதுவார். அதற்கும் கூலி. ஆர்வில் பணம் அனுப்ப அனுப்ப வக்கீலுக்குத் தொப்பை வளர்ந்தது, பாக்கியும் வளர்ந்தது. ஆயுள் முழுக்க பஸ் ஓட்டி, வங்கிக் கடனை ஒழித்த வீடு அது. மனைவி போனபிறகு அவருக்கென்று இருந்ததும் அதுதான். அதை ஏலம் விடச் சங்கம் தீர்மானம் கொண்டுவந்தது.

ஒரே ஒரு முட்டுக்கட்டை. உறுப்பினர் கூட்டத்தில் கை தூக்கினால்தான் ஏலம். முப்பது வீட்டுக்காரர் வந்தால்தான் கூட்டம் செல்லும். இல்லாவிட்டால் விஷயம் அடுத்த வருடத்துக்குப் போய்விடும். பெலிக்கன் கோவ் குடியிருப்பில் முப்பது பேர் கூடியதாகச் சரித்திரமே கிடையாது. நீச்சல் குளத்தில் முதலை புகுந்ததைப் பேசவே பதினோரு பேர்தான் வந்தார்கள். அதிலும் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

இந்த விதி ஆர்விலுக்குத் தெரியாது. ‘மூன்று நிமிடம் பேசலாம்’ என்று கடிதம் வந்ததும் சட்டையை இஸ்திரி போட்டு, கண்ணாடியே அழும்வரை அதன் முன் நின்று பேசிப் பழகினார். பக்கத்து வீட்டு கஸ்ஸுக்கு மனசு கேட்கவில்லை.

“தனியாப் போகாதே. நானும் வர்றேன். பக்கத்துல ஒருத்தன் இருந்தா உனக்கும் தைரியமா இருக்கும்.”

இவர்கள் போனபோது மண்டபத்தில் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். டோரீன் இவர்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக ஓடிவந்தாள்.

“வாங்க, வாங்க! ரெண்டு பேருமா வந்தீங்க? தங்கமான மனுஷங்க!” என்று கைக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்தாள்.

“பாத்தியா கஸ், மனசு இளகிட்டாங்க,” என்று ஆர்வில் காதோடு சொல்லிவிட்டு வருகைத் தாளில் கையெழுத்திட்டார். பேனாவைக் கஸ்ஸிடம் நீட்டினார். கஸ்ஸும் போட்டார்.

தலைவர் மேசையைத் தட்டினார். “முப்பது! கூட்டம் செல்லும்.”

மடித்த நாற்காலிகள் திரும்ப விரிந்தன. ஆர்வில் நன்றாகவே பேசினார். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ‘இவர் பாக்கி நம்ம தலையிலதான் விடியும்’ என்றார் தலைவர். கண்ணைத் துடைத்த கையே முதலில் உயர்ந்தது. அந்த மண்டபத்தில் உயராத கைகள் இரண்டு பேருடையவை மட்டுமே.

வீட்டை எடுத்த புது ஆள் பிளாஸ்டிக் புல் பதித்திருக்கிறார். அது பட்டியலில் இருக்கிறது.

இதையெல்லாம் டோனட் கடையில் சொல்லும்போது ஆர்வில் ஓர் இடத்தில் மட்டும் கதையை வளைப்பார். இன்றும் வளைத்தார்.

“இந்தக் கஸ் கார்லயே குறட்டை விட்டுத் தூங்கிட்டான் ரோசா. நான் ஒருத்தன்தான் உள்ள போனேன். ஏற்கெனவே இருபத்தொன்பது பேர். என் காலாலயே நடந்து போய், என் கையாலயே முப்பதாவதாப் போட்டேன் பாரு கையெழுத்து!”

“புளுகு,” என்றார் கஸ், காபியைப் பார்த்தபடி. “ஆளுங்க முன்னாடியே நிறைஞ்சிருந்தாங்க. யார் போயிருந்தாலும், போகாட்டியும், நடக்கிறது நடந்திருக்கும்.” அன்றிலிருந்து அவர் மாற்றாமல் சொல்லும் பாட்டு இது.

வெளியே ஓஹாயோ பஸ் வந்து நின்றது. அங்கே தங்கை வீட்டு நிலவறையில் ஒரு கட்டில் காத்திருந்தது. ஆர்வில் பெட்டியை எடுத்தார்.

“போறதுக்கு முன்னால நிஜத்தைச் சொல்லுங்களேன்,” என்றாள் ரோசால்வா. “நடந்ததா, இல்லையா?”

“எல்லாம் புளுகும்மா. கஸ் சொல்றதுதான் சரி,” என்று ஆர்வில் கண்ணடித்தார்.

கஸ் எழுந்து வந்து, அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார்.

“நடந்துச்சு ரோசா. நான் கார்ல தூங்கல. இவன் இருபத்தொன்பது. முப்பது நான்.”